துப்பாக்கி கொடு! துடைக்கவும் கற்றுக்கொடு!



இந்த நோட்டீசை வாங்கியதும் மடிச்சுச் சட்டைப்பையில் வைத்துவிடாதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். கண்ணு தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏன்னா இதில் அரசாங்கத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. நம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மருதாநதி அணையில் இருந்து மஞ்சளாறு அணை வரைக்கும் மலைக்கு அடியில் இருக்கிற எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். மக்காச்சோளம் போட்டவன் அழுகிறான். கடலை போட்டவன் அழுகிறான். தென்னம்பிள்ளை நட்டால் குருத்தைத் தோண்டித் தின்று விடுகிறது காட்டுப்பன்றி. மேலே பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைவாழையும் சௌசௌ பந்தலும் படுகிற பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காட்டுமாடும் சேர்ந்துகொள்கிறது. ஆடலூர், பன்றிமலை ஆட்களுக்கு யானை வேறு. மலைக்கே பன்றிமலை என்று பேர் வைத்தான் நம்ம பாட்டன். பழனிமலைக்கு வராககிரி என்று ஒரு பழைய பேர் உண்டு, அதுவும் பன்றிதான். ஆக, பன்றி நேற்று வந்ததில்லை. பன்றியோடு சேர்ந்துதான் நாம் வெள்ளாமை செய்தோம். அன்றைக்கு ஊருக்கு இரண்டு மூன்று லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது, பரண் இருந்தது, தகரம் தட்ட ஆள் இருந்தது. இன்றைக்குப் பரணில் ஏற ஆள் இல்லை. துப்பாக்கியோ ஒன்று ஸ்டேஷனில் துருப்பிடிக்கிறது, இல்லையென்றால் வைக்கோல் போருக்குள் ஒளிந்து கிடக்கிறது.

அந்த வைக்கோல் போர் கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மூன்று விரலும் ஒரு கண்ணும்

மலையடிவாரக் கிராமம் ஒன்று. பேர் வேண்டாம். அண்ணன் தம்பி இருவர், இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி. யாரோ ஒருத்தன் பைப்பை வெட்டிச் செய்து கொடுத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி அண்ணன்காரன் அதில் மருந்து போட்டு, பால்ரஸ் குண்டு போட்டு, நார் வைத்து இடித்து, பரணில் காத்திருந்தான். பன்றி வரவில்லை. கெட்டித்தது கெட்டித்தபடியே சாக்கில் சுற்றிப் போருக்குள் செருகிவிட்டு வந்துவிட்டான். பத்து இருபது நாள் போனது. கார்த்திகை மழை விட்ட ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. அண்ணன் ஊரில் இல்லை. தம்பி ஓடிப்போய்த் துப்பாக்கியை உருவினான். ஏற்கனவே உள்ளே மருந்து இருப்பது அவனுக்குத் தெரியாது. அதன் மேலேயே இன்னொரு தடவை கெட்டித்தான். விசையை இழுத்தான்.

குழல் வெடித்துப் பிளந்தது. குழலைத் தாங்கிப் பிடித்திருந்த இடது கையில் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரலும் போயின. இடது கண் போனது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ரத்தம் கொட்டக் கொட்ட அவனை ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயம். விடியவிடிய வேட்டித்துணியைச் சுற்றி வீட்டிலேயே வைத்திருந்து, காலையில் 'கிணற்று வெடி வெடித்துவிட்டது' என்று பொய் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த ராத்திரியே போயிருந்தால் கண்ணாவது மிஞ்சியிருக்குமோ என்னமோ.

உழவர்களே, அந்தத் துப்பாக்கி அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும். சங்கச் செயலாளர் என்கிற முறையில் எனக்குத் தெரியும். 'நம்ம ஆள், நாம எதுக்குச் சொல்லி வம்பு இழுக்கணும்' என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவன் எதிரே வந்தால் வலது கையால் கும்பிடு போடுகிறான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த நோட்டீஸ்.

இனி பேசாமல் இருக்கப் போவதில்லை. அதிகாரிகளிடமும் பேசுவேன், உங்களிடமும் பேசுவேன்.

சட்டம் என்ன சொல்லுது? ஆபீஸ் என்ன சொல்லுது?

வெள்ளைக்காரன் 1878இல் ஆயுதச் சட்டம் போட்டான். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம். இந்தியன் கையில் துப்பாக்கி இருந்தால் லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்தச் சட்டத்தைக் காங்கிரஸ்காரர்கள் அன்றைக்கே எதிர்த்தார்கள். சுதந்திரம் வந்து, 1959இல் நம்ம நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

13ஆவது பிரிவு. உண்மையாகவே பயிரைக் காப்பாற்ற ஒருவன் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால், மறுக்கத் தக்க காரணம் இல்லாதபோது அதிகாரி கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த மாதிரித் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தியானால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு என்ற வார்த்தையே சட்டத்தில் இருக்கிறதய்யா! நாம் கேட்பது பிச்சை இல்லை.

14ஆவது பிரிவு. இதை இரண்டு தடவை படியுங்கள். மனு கொடுத்தவனுக்குப் போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது. அரை ஏக்கர்காரனுக்கும் அம்பது ஏக்கர்காரனுக்கும் அங்கே ஒரே சட்டம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மனுதாரர் கேட்டால், பொது நலனுக்குக் கேடு என்றால் ஒழிய, அந்தக் காரணத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 18ஆவது பிரிவில் மேல்முறையீடும் உண்டு.

சட்டம் இப்படி. நடப்பு எப்படி? என் கதையையே சொல்கிறேன். எங்க தாத்தா காலத்தில் இருந்து வீட்டில் ஒற்றைக்குழல் லைசென்ஸ் துப்பாக்கி. எங்க அப்பா அதைச் சுட்ட நாளைவிடத் துடைத்த நாள்தான் எனக்கு அதிகம் ஞாபகம். அவர் காலமானதும் சட்டப்படி அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மூன்று தடவை மனு கொடுத்தேன். முதல் மனு காணாமல் போனது. இரண்டாவது மனுவுக்கு 'பார்க்கலாம்' என்றார்கள். மூன்றாவது மனு கொடுக்கப் போனபோது ஒரு அலுவலர், 'இந்தக் காலத்தில் உங்களுக்கு எதுக்குய்யா துப்பாக்கி, பேசாம வாழையை விட்டுட்டுச் சவுக்கு போடு' என்றார். எழுத்தில் கேட்டேன். எழுத்தில் இன்றுவரை வரவில்லை. ஒரு வருஷம் கழித்துத் துப்பாக்கியைப் பார்க்க அனுமதி வாங்கிப் போனேன். குழலுக்குள் விரலை விட்டால் செம்மண் மாதிரி துரு ஒட்டியது. அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கே செத்திருப்பார்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேணும். 2007இல் பெரியகுளம் முருகமலை, 2008இல் கொடைக்கானல் வடகவுஞ்சி என்று நக்சலைட் விவகாரங்கள் நடந்த மலை இது. போலீசுக்குத் துப்பாக்கி என்றாலே பயம் இருப்பது புரிகிறது. ஆனால் லைசென்ஸ் எண்ணோடு, பட்டா நகலோடு, போட்டோவோடு பதிவேட்டில் இருக்கிற துப்பாக்கியைப் பார்த்தா பயப்படுவது? பயப்பட வேண்டியது போருக்குள் கிடக்கிறதைப் பார்த்தல்லவா! கதவை அடைத்தால் ஜன்னல் வழியாக வருவான். லைசென்ஸை நிறுத்தினால் நாட்டுத் துப்பாக்கி பெருகும். இது தெரிய ஐ.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை.

பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறாயே, பயிற்சி எங்கே?

2016இல் மத்திய அரசு புது ஆயுத விதிகள் கொண்டுவந்தது. அதில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. புதிதாக லைசென்ஸ் கேட்கிறவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எப்படி வைப்பது, எப்படித் தூக்குவது, எப்படிச் சுடுவது, எப்படிப் பராமரிப்பது எல்லாம் அதில் அடக்கம். நான் இதை எதிர்க்கவில்லை. கைதட்டி வரவேற்கிறேன். அந்தத் தம்பிக்கு யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால் மூன்று விரல் மிச்சம்.

ஆனால் வத்தலக்குண்டு ஒன்றியத்து விவசாயி அந்தப் பயிற்சிக்கு எங்கே போவான்? எந்த ஊரில், எந்த நாளில், எவ்வளவு கட்டணத்தில் என்று ஒரு போர்டு உண்டா? உரம் போட வேளாண்மைத் துறை பயிற்சி கொடுக்கிறது. தேனீ வளர்க்கப் பயிற்சி. காளான் வளர்க்கப் பயிற்சி. மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவப் பயிற்சி. உயிரைக் குடிக்கிற துப்பாக்கிக்கு மட்டும் நீயே படிச்சுக்கோ! திருச்சியில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் இருந்து நடக்கிறது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்கிறது. அங்கே இருந்து ஒரு ஓய்வு பெற்ற மெக்கானிக்கையாவது மாதம் ஒரு நாள் இங்கே அனுப்ப முடியாதா?

அனுப்புகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது. எங்க அப்பா எனக்குச் சொன்னதையும், பழைய லைசென்ஸ்தாரர்கள் நாலைந்து பேரிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இது. நாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே பராமரிப்பு, கொண்டுபோய் ஒப்படைப்பதுதான். அந்தப் பைப்பைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாலும் அது உன்னைத்தான் சுடும்.

அப்பா துடைத்த மாதிரி

கருமருந்து சுட்ட குழலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சாத்தி வைக்கிறவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி இல்லாதவன். கருமருந்தின் கரி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். நம்ம மலைப் பனியில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். ஏறின துரு குழலை உள்ளுக்குள்ளேயே அரித்து மெலிசாக்கும். வெளியே பளபள என்று இருக்கும், உள்ளே ஓட்டை விழப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்க அப்பா சுட்டுவிட்டு வந்தால் முதல் வேலை, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்வது. இரண்டாவது, அம்மாவிடம் வெந்நீர் கேட்பது. கொதிக்கக் கொதிக்கக் குழலில் ஊற்றி, கம்பியில் துணி சுற்றி இழுப்பார். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்தத் தண்ணீர் கறுப்பாக வருவது நின்று தெளிவாக வருகிற வரை ஊற்றுவார். வெந்நீர் எதற்கென்றால் கரியும் கரையும், சூட்டில் இரும்பும் சீக்கிரம் உலரும். அப்புறம் காய்ந்த துணி. அதற்கப்புறம்தான் எண்ணெய்.

எண்ணெய் விஷயத்தில் நம்மாட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவி வைப்பது. அது நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். பண்ணைக்காடு பக்கம் மார்கழிக் குளிரில் உறைந்துபோய் மெழுகாக நிற்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மேல். அதுவும் லேசாக. வழிய வழிய ஊற்றினால் கேப்பு வைக்கிற துளையில் இறங்கி மருந்து பற்றாது. மறுபடி சுடப்போகிற அன்றைக்கு முதலில் குழல் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேணும்.

இன்னொன்று. ரொம்ப நாள் சும்மா வைத்திருந்த துப்பாக்கியை எடுக்கும்போது, முதலில் காலி என்று உறுதி செய். மடக்குத் துப்பாக்கி என்றால் மடக்கித் தோட்டா இல்லாததைக் கண்ணால் பார்த்து, அப்புறம் பின்பக்கம் இருந்து குழல் வழியாக வெளிச்சம் பார். குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருக்கும்! சிரிக்காதீர்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் அளவு களிமண் குழலை அடைத்தால் போதும், சுட்டதும் குழல் பிளக்கும். தோட்டா போடுகிற துப்பாக்கிக்காரர்கள் மழைக்காலத்தில் ஊறிப்போன தோட்டாவைத் திணிக்கக் கூடாது. 12 போர் குழலில் 20 போர் தோட்டா நழுவி உள்ளே போய் நிற்கும். மேலே இன்னொன்று போட்டுச் சுட்டால் கதை முடிந்தது. இரண்டு அளவுத் தோட்டாவும் ஒரே பெட்டியில், ஒரே வீட்டில் இருக்கவே கூடாது.

மருந்து கெட்டிக்கிறவர்கள் கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். குழல் வெறுமையாக இருக்கும்போது கம்பி எவ்வளவு ஆழம் போகிறதோ, குழல் வாய்க்கு நேராக அங்கே கோடு. எப்போது துப்பாக்கியைத் தொட்டாலும், வாயை முகத்துக்கு விலக்கிப் பிடித்து முதலில் கம்பியை விடு. கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு கோடு அந்தத் தம்பி வீட்டில் இருந்திருந்தால்! கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. பன்றி வரவில்லையா, விடியும் முன் நல்ல மண்கரையில் இறக்கிவிட்டு வா. ஒரு வேட்டு நஷ்டம் பெரிசில்லை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்கிறான் நம்ம ஆள். மருந்து கனன்றுகொண்டிருந்து தாமதமாக வெடிக்கும். குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் பிடித்தபடியே ஒரு முழு நிமிஷமாவது நில். பட்டாசு மருந்து, தீக்குச்சி மருந்து, தோட்டாவைப் பிரித்து எடுத்த வெள்ளை மருந்து, இதெல்லாம் கருமருந்துக்குப் பதில் போடுகிறவன் தன் முகத்துக்குத் தானே வேட்டு வைக்கிறான். இதில் 'கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாது' என்கிற பேச்சே கிடையாது.

சோளத்துக்குள்ளே அசைவது யார்?

துடைப்பதைவிடப் பெரிய விஷயம் இது. சோளக்காட்டில் ராத்திரி சலசலப்பு கேட்கிறது. நீ பரணில் இருக்கிறாய். அசைவது பன்றியா? மடை திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவா? வயிற்றுக்கடுப்பில் ஒதுங்க வந்த பையனா? சத்தத்தைக் குறி வைத்துச் சுடுகிறவன் கொலைகாரன். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண் மின்னுவதை மட்டும் நம்பாதே. மாட்டுக்கும் நாய்க்கும் கண் மின்னும். முழு உருவம் தெரிய வேணும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேணும். ரவைக்குண்டு நாற்பது கஜத்துக்கு மேல் குறி தப்பும். ஆனால் குறி தப்பின ரவை அங்கேயே விழுந்துவிடாது, நூற்றுக்கணக்கான கஜம் போகும். நம்ம நிலத்தில் பாறை வேறு. பாறையில் பட்டது எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கும் தெரியாது. பரண் மேலிருந்து கீழே பார்த்துச் சுடச் சொல்லி நம் முன்னோர் வைத்ததே, தப்பினாலும் குண்டு மண்ணுக்குள் போகட்டும் என்றுதான்.

பரணில் ஏறும்போதும் வேலி தாண்டும்போதும் துப்பாக்கி காலியாக இருக்க வேணும். மேலே ஏறின பிறகு கயிறு கட்டி, குழல் வாய் தரையைப் பார்க்க, தூக்கிக்கொள். சுடுகிற கணம் வரை விரல் விசைக்கு வெளியே. காவலுக்குப் போகிறவன் அன்றைக்கு ஒரு சொட்டுக் கூடக் குடிக்கக் கூடாது. இதைச் சொன்னால் சில பேர் முகம் சுளிப்பார்கள், யாரென்று எனக்குத் தெரியும். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், மருந்தும் தோட்டாவும் இன்னொரு பூட்டில். சாவி இடுப்பில். அடுப்பங்கரைப் பரணில் மருந்து வைக்கிற பழக்கம் இன்னும் நாலு வீட்டில் இருக்கிறது என்று பெண்களே என்னிடம் வந்து சொன்னார்கள். தாய்மார்களே, நீங்களே எடுத்து வெளியே வையுங்கள்.

பெரும்பாலான நாளுக்கு வெறும் வேட்டுச் சத்தமே போதும். குண்டு இல்லாமல் மருந்தும் தக்கையும் மட்டும். ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அந்தத் தக்கையே காயம் செய்யும். கோடையில் கனல் பறந்து காய்ந்த புல்லில் விழுந்தால் மலை எரியும், பழி நம் தலையில். மாசி பங்குனியில் வேட்டு போடுகிறவர்கள் ஒரு குடம் தண்ணீரோடு போங்கள்.

யானைக்கும் காட்டுமாட்டுக்கும் ரவையை விடாதீர்கள். சாகாது. காயம் புண்ணாகி வெறி பிடித்து அடுத்த வீட்டுக்காரனை மிதிக்கும். சட்டமும் உங்களைச் சும்மா விடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில், தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை என்று இருக்கிறது. வாழைத்தாரைக் காக்கச் சுட்டேன் என்றால் அந்த விலக்கு கிடைக்காது. லைசென்ஸ் துப்பாக்கி என்பது வேட்டை லைசென்ஸ் இல்லை. கறிக்காகச் சுடுகிறவன் நம்ம சங்கத்தில் இருந்தால் இன்றே வெளியே போகலாம். அவனால்தான் உண்மையான விவசாயியின் மனு குப்பைக்குப் போகிறது.

மூன்று கிலோமீட்டர் கணக்கு

2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேணும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. பன்றி முதலில் யார் தோட்டத்தில் இறங்கும்? காட்டை ஒட்டியவன் தோட்டத்தில். அவனுக்கு ஒன்றும் இல்லை! கூண்டில் பிடித்ததைக் காட்டில் விட்டால் மறுநாள் அது எங்கே வரும்? அவன் தோட்டத்துக்கே! கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். சரணாலயத்தை நாங்கள் எதிர்க்கவில்லை, மஞ்சளாற்றில் தண்ணீர் வருவது அந்தக் காட்டால்தான். ஆனால் காட்டின் லாபம் ஊருக்கெல்லாம், நஷ்டம் மட்டும் ஓரத்துக்காரனுக்கா?

பக்கத்துக் கேரளத்தில் 2022 மே மாதம் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிடுகிறார்கள். நம் ஊராட்சிக்கு மனு வாங்கி மேலே அனுப்புகிற வேலைதான்.

வழி அடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோமே. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து சினை யானை ஆற்றில் நின்றபடி செத்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளியில் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே மின்வேலியில் மனிதனும்தான் சாகிறான். அவுட்டுக்காயைக் கன்றுக்குட்டி கடிக்கும், பிள்ளை எடுத்து விளையாடும். இந்த இரண்டையும் செய்கிறவனுக்குச் சங்கம் ஒருநாளும் ஜாமீன் எடுக்காது.

குடகுக்காரன் மட்டும் மனுஷனா?

கர்நாடகத்தில் குடகு. நம்மைப் போலவே மலை, காபி, மிளகு, பன்றி, யானை. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே துப்பாக்கி லைசென்சில் விலக்கு. 2019இல் மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. அங்கே நாற்று நட்டு முடிந்ததும், பயிர்க்காவல் ஆரம்பிக்கிற நேரத்தில், செப்டம்பரில் கைல்போது என்று ஒரு பண்டிகை. ஆயுதத்தை எல்லாம் எடுத்துத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். பராமரிப்பையே பண்டிகை ஆக்கி வைத்திருக்கிறார்கள். நாம் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி கழுவுகிறோம், பம்புசெட்டுக்குப் பொட்டு வைக்கிறோம். நாங்கள் விலக்குக் கூடக் கேட்கவில்லை. லைசென்ஸ்தான் கேட்கிறோம்.

தேர்தல் வந்தால் இருக்கிற லைசென்சும் செல்லாக்காசு. 2024இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்தார்கள், ஜூன் 4 வரை எண்ணிக்கைக்குக் காத்திருந்தார்கள். எண்பது நாள் துப்பாக்கி ஸ்டேஷனில். தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19! தேர்தல் ஆணையத்தின் விதியே, எல்லாரிடமும் பிடுங்கச் சொல்லவில்லை. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், கலவரத்தில் ஈடுபட்டவர் என்று கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கிற குழு ஆள் ஆளாகப் பார்த்து முடிவு செய்ய வேணும் என்றுதான் சொல்கிறது. அறுபது வயது வாழைக்காரர் என்ன பூத்தையா பிடிக்கப் போகிறார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். பயிர்ப் பாதுகாப்பு மனுவை வாங்கினால் ரசீது கொடு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. வத்தலக்குண்டிலேயே மாதம் ஒரு நாள் இலவசப் பயிற்சி நடத்து, சான்றிதழ் கொடு. இறந்தவர் லைசென்ஸை வாரிசுக்கு மாற்றும் மனுவை இழுத்தடிக்காதே. ஒப்படைத்த துப்பாக்கியின் நிலையை ரசீதில் எழுது, உடைமையாளர் வந்து எண்ணெய் போட அனுமதி. தேர்தலில் ஆள் பார்த்து வாங்கு. காட்டோரம் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவனையும் மனுஷனாகக் கணக்கில் எடு. கடைசியாக முக்கியமானது: நாட்டுத் துப்பாக்கியைத் தானாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவன் மேல் வழக்குப் போடாமல் வாங்கிக்கொள்ள ஒரு மாதக் கெடு அறிவி. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. அந்தப் பயத்தில்தான் எல்லாம் வைக்கோலுக்குள் கிடக்கிறது. அறிவித்தால் முதல் வீட்டுக்கு நானே கூடப் போய் அழைத்து வருகிறேன்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். காலை ஏழரை மணிக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். பட்டா நகல், சேதமான பயிரின் போட்டோ, பழைய மனு கொடுத்த ரசீது இருந்தால் அதன் ஜெராக்ஸ், லைசென்ஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ் இவற்றை எடுத்து வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். கையில் விரல் இல்லாத தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பேசுகிறேன் என்றான்.

துப்பாக்கியை யாரும் எடுத்து வரக் கூடாது. லைசென்ஸ் உள்ளதையும்தான்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், வத்தலக்குண்டு